சோலி இல்லாதவன் சோலி

உருப்படணும்னு நெனப்பு இருந்தா நான் சொல்லுதத கேளுலே பேராண்டி. சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்தியா, கையக் கால கழுவுனியா, போன எடுத்துக்கிட்டுக் கட்டில்ல சாஞ்சியா, எவனோ பரோட்டா திங்கிற வீடியோவ ராத்திரி பன்னெண்டு வரைக்கும் பாத்தியான்னு இரு. ஒரு பய ஒன்ன ஒரு சொல்லு சொல்ல மாட்டான். "தங்கமான பிள்ளை, வீட்டுல இருக்கிற இடமே தெரியாது"ன்னு பேரு வாங்கிரலாம். அத விட்டுட்டு, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பழைய ரேடியோவப் பிரிச்சுத் தார்சா முழுக்கப் பரத்திப் போட்டுக்கிட்டு, சால்டரிங் புகையில இருமிக்கிட்டு, லேப்டாப்புல என்னத்தையோ தட்டித் தட்டிப் பாத்துட்டு, "ஓடுது தாத்தா, ஓடுது"ன்னு கத்துதியே. என்னத்தலே ஓடுது? ஒரு குட்டி பல்பு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அதுக்கா இந்த ஆட்டம்?

நம்ம ஊர்ல இதுக்குக் கோட்டின்னு பேரு. எனக்கு இந்தக் கோட்டி பிடிக்கும். சத்தமாச் சொன்னா உங்க அப்பன் என்னையும் சேத்து ஏசுவான், அதான் பையப் பேசுதேன்.

மேலத்தெருவுல மருமவன் முறையில ஒருத்தன் இருக்கான். தட்டட்டியில தண்ணித் தொட்டி நிறைஞ்சா மோட்டாரு தானா நிக்கிறதுக்கு ஒரு கருவி செஞ்சிருக்கான். "ஏ மருமவனே, டவுன்ல கடையில ரெடியா விக்கானே, பணத்தக் குடுத்தா மாட்டியும் குடுப்பான். நீரு எதுக்கு வே இப்படி மெனக்கெடுதீரு?"ன்னேன். அவன் என்னைய ஏணியில ஏத்தி மேல கொண்டுபோயி, தொட்டி மூடிக்கு அடியில ரெண்டு கண்ணு வச்ச மாதிரி ஒரு சென்சாரக் காட்டுதான். ஒரு கண்ணு சத்தம் போடுமாம், நம்ம காதுக்குக் கேக்காதாம். நம்ம காதுக்கு எட்டுறது செகண்டுக்கு 20,000 அதிர்வு வரைக்கும். அது போடுற சத்தம் 40,000. அது தண்ணியில பட்டுத் திரும்பி வந்தா இன்னொரு கண்ணு வாங்கிக்கிடும். சத்தம் காத்துல செகண்டுக்கு 343 மீட்டரு ஓடுது. தண்ணி ஒரு மீட்டருக்குக் கீழ இருந்தா, போயிட்டு வர ஒரு செகண்ட ஆயிரமாக் கூறு போட்டு அதுல ஆறு கூறு ஆகும். நேரம் கொறைய கொறைய தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். கடையில பெட்டி வாங்குனவன் வீட்டுத் தொட்டியும் நிறையுது, இவன் வீட்டுத் தொட்டியும் நிறையுது. ஆனா வாங்குனவன் வீட்டுல ஒரு நாளு அது மக்கர் பண்ணிட்டுன்னா, ஆளு வர்ற வரைக்கும் கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். இவன் ஸ்குரு டிரைவரத் தேடுவான். வித்தியாசம் அம்புட்டுதான்.

பொறவு ஒரு கூட்டம் வரும். சொந்தக்காரங்கதான், வேற யாரு. காப்பிய வாங்கிக் குடிச்சிட்டு, "இதனால என்ன பிரயோசனம்?"னு கேப்பாவ. மறுபேச்சுப் பேசாத. அவங்கள ஒரு வண்டியில ஏத்தி காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரி மலையடிவாரத்தக் காட்டு. இஸ்ரோக்காரன் அங்கன என்ன செய்யுதான் தெரியுமா? ராக்கெட்டு எஞ்சினக் கொண்டாந்து, அசையாமக் கட்டிப் போட்டு, தீய வைக்கான். அதுல ஊத்துற ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. அம்புட்டையும் ஊத்தி எரிச்சு, எஞ்சின் ஒரு சாண் கூட நகராம நின்ன எடத்துலயே நிக்குது. "எங்க போச்சு?"ன்னு கேட்டா எங்கயும் போகல. ஆனா அங்கன எரிச்சுப் பாத்த பொறவுதான் அந்த மாதிரி எஞ்சின நம்பி வானத்துக்கு அனுப்புதான். நம்ம வீட்டுத் தார்சாவுல நீ எரிய விட்ட பல்புக்கும் அந்த நியாயம் உண்டு. ஒங்கிட்ட ஹைட்ரஜன் இல்லங்கிறதுக்காக உங்க ஆச்சி பேச்சியம்மனக் கும்பிட்டுக்கிடட்டும்.

இன்னும் கிட்டத்துல சொல்லணும்னா, அம்பாசமுத்திரத்துக்குப் போ. மரச்செப்புச் சாமான் கடைசல் பிடிக்காவ. பானை, சட்டி, அம்மி, ஆட்டுரல், திருகை எல்லாம் உண்டு. உள்ளங்கைக்குள்ள அடங்கும், அரக்குச் சாயம் மினுமினுன்னு இருக்கும். அந்தப் பானையில சோறு பொங்க முடியாது. அந்த ஆட்டுரல்ல மாவு ஆட்ட முடியாது. பெரிய மனுசங்க, மீசை நரைச்சவங்க, தலைமுறை தலைமுறையா உக்காந்து சோறு பொங்காத பானையச் செஞ்சிருக்காவ. அவங்ககிட்ட போயி என்ன பிரயோசனம்னு கேளு பாப்போம்.

பாளையங்கோட்டையில கிறிஸ்துமஸ் லீவுன்னா என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியும். அச்சு முறுக்கு, கேக்கு, பஜனை, பக்கத்து வீட்டுக்குத் தட்டு தட்டாப் பலகாரம். 1989 டிசம்பர்ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு மனுசனுக்கு அந்த லீவு வந்துட்டு. கீடோ வான் ராசம்னு பேரு. ஆபீசு பூட்டிக் கெடக்கு, வீட்டுல கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, பொழுது போகல. நம்ம ஆளா இருந்தா முறுக்கத் தின்னுட்டுத் தூங்கிருப்பான். அவரு ஒரு புரோகிராம் மொழி எழுத ஆரம்பிச்சிட்டாரு. அதான் பைத்தான். இன்னைக்கு நீ சம்பளம் வாங்குற கம்பெனியில பாதிச் சோலி அதுலதான் நடக்குதுன்னு நீயே சொன்னே.

கதை அதோட முடியல. 2007 வாக்குல முத்து அண்ணாமலைன்னு நம்ம தமிழ்ப் பிள்ளை ஒருத்தரு, அமெரிக்காவுல இருக்கும்போது, தமிழ்லயே புரோகிராம் எழுதுனா என்னன்னு கெளம்பிட்டாரு. "எழில்"னு பேரு வச்சாரு. அதுல "பதிப்பி"ன்னு எழுதுனா திரையில காட்டும். "ஆனால்", "இல்லை", "முடி" எல்லாம் அந்த மொழிக்கான கட்டளைதான். யாரும் அவருகிட்ட மனு குடுக்கல. எந்தக் கம்பெனியும் எழில் தெரிஞ்ச ஆளு வேணும்னு விளம்பரம் போடல. இங்கிலீசுல ஆயிரம் மொழி கெடக்கையில இது எதுக்குன்னு கேக்க ஆளு இல்லாமலா இருந்திருக்கும்? அவரு பாட்டுக்கு எழுதி, 2009-ல அதப் பத்திக் கட்டுரையும் போட்டு, பொறவு எல்லாருக்கும் திறந்தும் விட்டுட்டாரு. அத எதுல எழுதியிருக்காரு தெரியுமா? பைத்தான்ல. ஒருத்தன் லீவுல செஞ்ச விளையாட்டுச் சாமான வச்சு இன்னொருத்தன் இன்னொரு விளையாட்டுச் சாமான் செஞ்சிருக்கான். ஆறாப்புப் படிக்கிற நம்ம தெருப் பிள்ளை, இங்கிலீசுக்குப் பயந்து ஒளியாம, தாய்ப்பாஷையில கம்ப்யூட்டர வேலை வாங்கலாம்னு ஆகிட்டுல்லா. அது பத்தாதா?

லினக்ஸ் கதைய நீயே எனக்கு நாலு தரம் சொல்லிட்டே. 1991-ல ஹெல்சிங்கியில 21 வயசுப் பய, சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யுதேன், பெருசா ஒண்ணும் வராதுன்னு ஊருக்கு எழுதிப் போட்டான். இப்போ உலகத்துல பெரிய சூப்பர் கம்ப்யூட்டரு 500-ன்னு பட்டியல் போட்டா 500-லயும் அதான் ஓடுது. ஒன் போன்லயும் அடியில அதான் கெடக்கு. பெருசா வராதுன்னு சொன்னாம் பாரு, அங்கதான் அவன் கெட்டிக்காரன். பெருசா வரும்னு சொல்லிருந்தா மாமன் மச்சான் எல்லாம் கூடி உக்காந்து யோசனை சொல்லியே கொன்னுருப்பானுவ.

அடுத்த கேள்வி ஒண்ணு இருக்கு. அத ஒங்கள மாதிரிப் படிச்சவங்கதான் கேப்பீங்க. "தாத்தா, இது ஏற்கெனவே ஒருத்தன் செஞ்சிட்டான்." செஞ்சா? பத்தமடை தெரியும்லா, சேரன்மாதேவிக்கு அடுத்தாப்ல. கோரைப்பாய் இந்தத் தேசம் முழுக்க எந்தக் காலத்துலயும் இருந்த சாமான். யாருக்கும் பாய் இல்லாமத் தூக்கம் கெடல. ஆனாலும் தாமிரவருணிக் கரையில யாரோ ஒரு சோலி இல்லாதவனுக்குத் தோணியிருக்கும்: இந்தக் கோரைய இன்னும் மெல்லிசாக் கிழிச்சா என்ன? பச்சையில அறுத்து, வெயில்ல காய வச்சு, ஓடுற ஆத்துத் தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டு, எடுத்துத் திரும்பக் காய வச்சு, மயிரிழையாக் கிழிச்சு, தரையோட கெடக்கிற தறியில நூலோட வச்சு நெய்யுதாவ. பட்டு மாதிரி மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிடலாம். 2013-ல அதுக்குப் புவிசார் குறியீடும் குடுத்தாச்சு. பாய் ஏற்கெனவே இருக்குன்னு அந்த ஆளு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருந்தா, நம்ம பத்தமடை பஸ் நிக்கிற இன்னொரு ஊராத்தான் இருந்திருக்கும். நீ செய்யுற கணக்குப் புத்தக ஆப்பு உலகத்துல பத்தாயிரம் இருக்கட்டும். பத்தாயிரத்து ஒண்ணாவது உங்க அம்மைக்குப் புரியுற மாதிரி இருக்குமா? அத மட்டும் பாரு.

அம்மைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் எத்தனை வீட்டுல பொம்பளையாளுக மடியில முறத்த வச்சுப் பீடி சுத்துதாவ. இலையும் தூளும் நிறுத்துக் குடுத்து, ஆயிரத்துக்கு இம்புட்டுன்னு கூலி போடுவாவ. கழிவுன்னு கொஞ்சம் தள்ளிருவாவ. வாரக் கடைசியில கணக்கு இடிக்கும். எம்புட்டு இலை வந்துச்சு, எம்புட்டுக் கட்டுப் போச்சு, எம்புட்டுக் கழிச்சான், எம்புட்டு வரணும்னு கூட்டிக் கழிச்சுத் தமிழ்ல காட்ட ஒரு சின்னப் புரோகிராம் போதும். ஏ பிள்ளே, நீயுந்தான், அண்ணன் தோள் வழியா எட்டிப் பாத்துக்கிட்டு நிக்காத, ஒனக்குந்தான் சொல்லுதேன். நீ காலேஜுல படிச்சது அதுக்குப் போதும். இருபது வரி இருக்குமா? ஒங்க ஆச்சி பென்சிலால சுவத்துல கோடு போட்டு வச்ச கணக்க நீ போன்ல ஏத்துனா, பீடிக்கடைக்காரரு அடுத்த வாரம் ரெண்டு தரம் எண்ணிப் பாத்துத்தான் குடுப்பாரு. உலகத்த மாத்துற ஆப்பு ஒண்ணு எழுதுதேன்னு திரியிறவன விட இது எனக்கு ஒசத்தி.

மழை அளக்கணும்னு ஆசை இருந்தா அதுக்கும் இது சரியான சீமை. மேல ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலைன்னு எஸ்டேட்டுல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். கீழ திருநெல்வேலி டவுன்ல புழுதி பறக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல என்ன ஆச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம். காயல்பட்டினத்துல ஒரே நாளுல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சது, ஆறு ரோட்டுக்கு வந்துட்டு. அவன் அவன் ஊர்ல எம்புட்டுப் பெஞ்சதுன்னு கேட்டா, "பேய் மழை வே"ங்கான். பேய்க்கு என்ன அளவு? நீ ஒண்ணு செய். ஒரு புனல், அதுக்குக் கீழ நடுவுல தடுத்த ரெண்டு குட்டித் தொட்டி, ஏத்த இறக்க ஆடுற மாதிரி. ஒரு பக்கம் நிறைஞ்சதும் கவுந்து அடுத்த பக்கம் ஏந்தும். கவுறப்போ ஒரு காந்தம் ரீட் சுவிட்ச உரசிட்டுப் போகும், கணக்கு ஒண்ணு ஏறும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் விழுந்தா ஒரு மில்லிமீட்டர் மழைன்னு கணக்கு. புனல் வாய் எம்புட்டு அகலம்னு அளந்துக்கிட்டேன்னா மிச்சம் பெருக்கல் வகுத்தல்தான். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, தினம் எம்புட்டு நிக்குதுன்னு பேப்பர்ல வருது. ஒன் மழைக் கணக்கையும் அந்த அணைக் கணக்கையும் ஒரு தாள்ல பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு பாரு. பிசானத்துக்கு நாத்துப் பாவுற சம்சாரி ஒன் வீட்டு வாசலுக்கு வருவான்.

தோட்டத்து மண்ணு ஈரம் பாக்கப் போறேன்னு ரெண்டு கம்பி நீட்டுன சென்சார வாங்கிராத. ரெண்டு கம்பிக்கும் நடுவுல கரண்டு ஓடி, சீக்கிரமே அரிச்சுத் தின்னுரும். கப்பாசிட்டிவ்னு ஒண்ணு விக்கான், கொஞ்சம் தாங்கும். இது அந்த மேலத்தெரு மருமவன் சொன்னது, நான் கண்டதில்ல. ஆனா அவன் காசு போட்டுக் கத்துக்கிட்டத ஒனக்கு ஓசியில சொல்லுதேன், வாங்கிக்கோ.

அரைகுறையாக் கெடக்குன்னு கூச்சப்படாத. ஒன் அலமாரியில பாதியில விட்ட சாமான் எம்புட்டுக் கெடக்குன்னு எனக்குத் தெரியும், உங்க அம்மைக்கும் தெரியும். நம்ம இடையன்குடிக்குப் போயிருக்கியா? செம்மண் தேரி. 1841-ல கால்டுவெல் துரை அங்கன வந்து சேந்தாரு. 1847-ல கிறிஸ்தவக் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டாரு. அது கட்டி முடிஞ்சு பிரதிஷ்டை ஆனது 1880-ல. முப்பத்துமூணு வருசம்! உங்க அப்பனக் கல்யாணத்துக்கு விட்டா அதுக்குள்ள பேரன் எடுத்துருவான். சரி, அந்த மனுசன் அதுவரைக்கும் கொத்தனாரு பின்னாலயே நின்னாரான்னா அதுவும் இல்ல. நடுவுல 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் ஒண்ணு எழுதிப் போட்டாரு. இந்தச் சீமையில அவரு பேரு நிலைச்சது அதனாலதான். அந்தக் காலத்துல இடையன்குடித் திண்ணையில ஒருத்தன் உக்காந்து, "துரை எடுத்த சோலிய முடிக்க மாட்டாரு, கோயில விட்டுட்டுப் புத்தகம் எழுதுதாரு"ன்னு சொல்லாம இருந்திருப்பான்னு நெனைக்கே? அப்படி ஒருத்தன் இல்லாத திண்ணை நம்ம ஜில்லாவுல கெடையாது. ஆகையினால ஒண்ண முடிக்காம இன்னொண்ண எடுக்கிறதுக்கு நான் ஒன்ன ஏச மாட்டேன். அலமாரிக் கதவ மட்டும் மூடி வையி.

காசு விஷயத்துக்கு வருவோம். நீ ஒரு சாமானச் செஞ்சு முடிச்சதும் பக்கத்து வீட்டு சம்பந்தி, "ஸ்டார்ட்டப் ஆரம்பிச்சிருலே"ம்பாரு. கையில வெத்தலை பாக்கு இருக்கும், பையில பத்து ரூபா இருக்காது. மத்தளம்பாறையில ஸ்ரீதர் வேம்பு வந்து குடியிருக்காரு, சோஹோவோட தென்காசி ஆபீசுல பிள்ளைங்க உலகத்துக்கே சாமான் செய்யுதாவன்னு நமக்கு நெஞ்சு நிமிருது. தென்காசி 2019-ல தனி ஜில்லாவாப் போனாலும் அந்தப் பெருமையில எங்களுக்கும் பங்கு உண்டு, விட மாட்டோம். ஆனா கம்பெனி நடத்துறது ஒரு சோலி, கையால ஒண்ணச் செஞ்சு பாக்கிறது வேற சோலி. முதலாவதுல கெடு உண்டு, கஸ்டமரு உண்டு, வட்டி உண்டு. ரெண்டாவதுல ஒன்னத் தவிர ஒருத்தரும் இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சொதி ஊத்திச் சாப்பிட்டுட்டு ஆரம்பிச்ச சோலிக்கு எவன் வந்து கெடு வைக்க முடியும்? அத நீயாக் கொண்டுபோயி வித்து, அதுக்கும் ஒரு மேனேஜரத் தேடிக்காத. வித்தா நல்லதுன்னு தானாத் தேடி வந்தா அப்போ பாத்துக்கலாம்.

கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு கதைய இங்க சொல்லியாகணும். 1893-ல பொறந்தவரு, பள்ளிக்கூடத்துல நிலைக்கல. ஓட்டல்ல வேலை பாத்துக் காசு சேத்து ஒரு மோட்டார் சைக்கிள வாங்குனாரு. வாங்குனவன் என்ன செய்வான்? ஏறி ஊரச் சுத்துவான். அவரு அக்கக்காக் கழத்திப் போட்டுத் திரும்பப் பூட்டுனாரு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு விட்டது, எலெக்ட்ரிக் ரேசர் செஞ்சது எல்லாம் அதுக்குப் பொறவு. மொதல்ல கழத்துனாரு, அதான் சேதி. நம்ம தெருப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துல அடல் டிங்கரிங் லேப் இருக்கா? 2016-லருந்து ஆறாப்பு முதல் பன்னெண்டு வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க நோண்டிப் பாக்கிறதுக்குன்னே ஒரு லேபுக்கு 20 லட்சம் ரூபா வரைக்கும் குடுக்கிற திட்டம். சாமான் தேஞ்சிரும்னு சார்மாரு பூட்டி வச்சிருந்தா, போயிச் சாவியக் கேக்கச் சொல்லு. தேயட்டும், அதுக்குத்தானே வாங்குனாவ.

இப்போ புதுசா ஒண்ணு வந்திருக்கு. வாயால சொன்னா ஏஐ எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருதாம். நல்லது. சந்தேகம் கேளு, தப்பக் காட்டச் சொல்லு, வாத்தியார் மாதிரி வச்சுக்கோ. எனக்குக் கூட பேத்தி அதுல கொடை நோட்டீசு எழுதிக் காட்டுனா, நல்லாத்தான் இருந்துச்சு, அம்மன் பேர மட்டும் மாத்திப் போட்டுட்டு. ஆனா மொத்தத்தையும் அதுகிட்ட ஒப்படைச்சிட்டுக் கைகட்டி நிக்கிறது எப்படி இருக்குன்னா, இருட்டுக்கடை முன்னால வரிசையில நின்னு, பக்கத்துல நிக்கிறவன விட்டு அல்வாவத் திங்கச் சொல்லிட்டு ருசி எப்படின்னு கேக்கிற மாதிரி இருக்கு. சீக்கிரம் முடியணும்னா ஆபீசுல அப்படிச் செய். வீட்டுல செய்யுறது சீக்கிரம் முடியணும்னு ஒனக்கு யாருலே சொன்னது?

சரி, வெயில் தாழ்ந்துட்டு, எந்திரி. வீட்டு லைனு 230 வோல்ட்டு, விளையாட்டு இல்ல. கை வைக்கும் முன்ன மெயின அமத்து, ஈரக் கையோட போகாத, ரிலேயத் திறந்து போட்டு வைக்காம டப்பாவுக்குள்ள போட்டு மூடு. வயக்காட்டு மூணு பேஸ் மோட்டாருன்னா எலெக்ட்ரீசியன் வந்து நிக்கட்டும், நீ பக்கத்துல நின்னு பாரு. பழைய மிக்சி, ஓடாத ரேடியோ, உங்க அப்பன் தூக்கிப் போட்ட கடிகாரம் எல்லாம் மச்சுல கெடக்கு, எடுத்துக்கோ. ஆச்சியோட டேபிள் ஃபேன மட்டும் கழத்திராத.